42 தடவை ‘நான் செய்யவில்லை’: ஒசிரிஸ் சபைக்கு எகிப்தியர் கொண்டுபோனது பிட் பேப்பரா?

கோடைமழை:

பழைய எகிப்தின் ‘இறந்தோர் நூல்’ சுருள்களில் இரண்டு மந்திரங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஏதோ இடிக்கிறது. தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

முதலாவது 125. செத்தவர், இறந்தோர் உலகின் தெய்வமான ஒசிரிஸின் சபைக்குள் வருகிறார். எதிரே 42 நீதிபதிகள். ஒவ்வொருவரையும் பெயரும் ஊரும் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு குற்றத்தை மறுக்கிறார். திருடவில்லை, கொல்லவில்லை, ஒட்டுக் கேட்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஓடுகிற தண்ணீரை மறிக்கவில்லை, தராசில் எடை கூட்டவில்லை, குழந்தை வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை என்றுகூட அதே மந்திரத்தில் வருகிறது. பக்கத்தில் தராசு. ஒரு தட்டில் அவருடைய இதயம், மறு தட்டில் நீதியின் தேவி மாஅத்தின் இறகு. அனுபிஸ் தெய்வம் முள்ளைச் சரிபார்க்கிறார், தோத் தெய்வம் எழுதிக்கொள்கிறார். முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடம்பு, நீர்யானையின் பின்னுடம்பு என்று அம்மித் காத்திருக்கிறது. இதயம் தேறாவிட்டால் அதற்குத் தீனி.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 30பி என்ன சொல்கிறது? பச்சைக் கல்லில் வண்டு உருவம் செய்து அதன் வயிற்றுப்பக்கம் பொறித்து, பிணத்தின் நெஞ்சில் வைப்பார்கள். சாராம்சம் இது: “என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்திருக்காதே. சபையில் என்னை எதிர்க்காதே. தராசுக்காரர் முன்னால் என்னைப் பகைக்காதே.”

தணிக்கை வேலையில் இருப்பவன் என்ற முறையில் கேட்கிறேன். சாட்சியின் வாயை முதலிலேயே கட்டிவிட்டு அப்புறம் எதற்கு விசாரணை? அதுவும் இந்தச் சுருள்கள் கடைச்சரக்கு மாதிரி முன்கூட்டியே எழுதப்பட்டு, வாங்குகிறவரின் பெயருக்கு இடம் காலியாக விடப்பட்டவை. லண்டனில் இருக்கும், அனி என்ற அதிகாரியின் சுருளிலேயே பெயர் பிறகு எழுதிச் சேர்க்கப்பட்ட பகுதிகள் உண்டு. அப்படியென்றால் ‘நான் திருடவில்லை’ என்று எழுதிய எழுத்தருக்கு அதை வாங்கப்போகிறவர் யாரென்றே தெரியாது!

செங்கல்சூளை:

பரீட்சைக்குப் பிட் எடுத்துப்போவது தெரியும். சூப்பர்வைசர் வாயையும் சேர்த்து மூடுகிற பிட்டை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பப்பைரஸ் பித்தன்:

கோடைமழை சார், கேள்வி நியாயமானது. ஆனால் 125ஐ மட்டும் தனியாக எடுத்தால் இப்படித்தான் தெரியும். கொஞ்சம் பின்னால் போய் வருவோம், பொறுமையாகப் படியுங்கள்.

நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழைய ஈமச் சொற்கள் சக்காராவில், 5ஆம் வம்சத்தின் கடைசி அரசன் ஊனாஸின் பிரமிடுக்குள் இருக்கின்றன. காலம் கி.மு. 2350 வாக்கில். வெளியிலிருந்து பார்த்தால் அது இடிந்த கற்குவியல். உள்ளே போனால் மேல்கூரை முழுக்க நட்சத்திரங்கள், சுவர் முழுக்க மேலிருந்து கீழாக எழுத்து வரிகள், ஒவ்வொரு எழுத்திலும் நீலம் பூசியிருக்கிறது. பிரமிடுகளுக்குள் எழுத்தே கிடையாது என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தவர் பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர் ஒகுஸ்த் மாரியெத். அவர் சாகும் தறுவாயில், 1880-81இல்தான், காஸ்தோன் மஸ்பெரோவின் காலத்தில் இந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ஊனாஸின் சுவர்களில் தராசு கிடையாது. இதயத்தை எடைபோடும் பேச்சே இல்லை. “ஊனாஸே, நீ செத்துப் போகவில்லை, உயிரோடு போயிருக்கிறாய்” என்கிறது ஒரு மந்திரம். அரசன் தூபப் புகையில் ஏறி வானத்துக்குப் போகிறான், பறவையாகப் பறக்கிறான், வண்டாக இறங்குகிறான். ஓரிடத்தில் தேவர்களையே பிடித்துச் சமைத்துத் தின்கிறான், பெரியவர்கள் காலைக்கு, நடுத்தரமானவர்கள் மாலைக்கு, சிறியவர்கள் இரவுக்கு. இந்த ‘தேவர்களைத் தின்னும்’ பாட்டு ஊனாஸிடமும் அவனுக்கு அடுத்து வந்த தெத்தியிடமும் மட்டும் இருக்கிறது, அதற்குப் பிறகு வந்த பிரமிடுகளில் காணோம். எனக்கென்னவோ பின்னால் வந்தவர்களுக்கே அது கொஞ்சம் ஓவராகப் பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

சில பிரமிடுகளில் சிங்கம், மனிதன் போன்ற எழுத்துகளை அரைகுறையாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள். பிணம் கிடக்கும் அறையில் எழுத்து எழுந்து வந்து கடித்துவிட்டால்? எழுத்தை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எழுதியது நடக்கும். அந்த நம்பிக்கையை விட்டுவிட்டு 30பியைப் படித்தால் அது வெறும் ஏமாற்று வேலையாகத்தான் தெரியும்.

கோடைமழை:

//எழுதியது நடக்கும்//

இதைத்தானே நானும் சொல்கிறேன்! எழுதியது நடக்குமென்றால், ‘நான் நல்லவன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதுமே. நல்லவனாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

பப்பைரஸ் பித்தன்:

வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

அரசர்கள் வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில் அதிகாரிகளின் கல்லறைகளில் வேறு ஒரு பேச்சு ஓடுகிறது. ‘என் கல்லறைக்குள் தூய்மையில்லாமல் நுழைகிறவனைப் பறவையின் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடிப்பேன், பெரிய தெய்வத்தின் முன்னால் அவன்மீது வழக்குத் தொடுப்பேன்’ என்று வாசலிலேயே எழுதிவைத்தார்கள். கவனியுங்கள், மேலுலகில் நீதிமன்றம் அப்போதே இருக்கிறது. ஆனால் அது செத்தவர் எல்லாரும் வரிசையில் நின்று தேர்வு எழுதும் இடமல்ல. எவராவது புகார் கொடுத்தால் கூடும் சபை. வாதி, பிரதிவாதி உண்டு. செத்தவர் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

அஸ்வானில் நைலின் மேற்குக் கரையில், 6ஆம் வம்சத்து அதிகாரி ஹர்குஃபின் கல்லறை இருக்கிறது. தெற்கே நூபியப் பக்கம் பலமுறை பயணம் போனவர். முகப்பிலேயே எழுதியிருக்கிறார்: பசித்தவனுக்கு ரொட்டி கொடுத்தேன், உடையில்லாதவனுக்கு உடை கொடுத்தேன், படகில்லாதவனைக் கரை சேர்த்தேன். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து வந்த 125ஆவது மந்திரத்தின் பிற்பகுதியிலும் இதே வரிகள் வருகின்றன. ஹர்குஃபிடம் சுருள் இல்லை, தராசுப் படம் இல்லை. கல்லறையைக் கடந்துபோகிறவர்கள் படித்து, தன் பெயரைச் சொல்லி, ரொட்டியும் பீரும் வேண்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த விஷயத்தில் இஷ்டத்துக்குப் பொய் எழுத முடியுமா, சொல்லுங்கள்.

அதாவது, நல்ல நடத்தை என்ற பேச்சு முதலில் வந்தது. மந்திரச் சுருள் பிறகுதான் வந்தது.

செங்கல்சூளை:

//நாலு பேருக்குத் தெரிந்த விஷயத்தில் பொய் எழுத முடியுமா//

அண்ணே, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றுகூட நீங்கள் பார்த்ததில்லையா?

இழைக்காவலர்:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சித்திரகுப்தன், யமதர்மன் ஒப்பீடுகளுக்கு ஏற்கெனவே தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே எகிப்தோடு நிற்போம். போஸ்டர் நகைச்சுவை பரவாயில்லை, இருக்கட்டும்.

தென்றல்வீதி:

வணக்கம், புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அடிப்படைக் கேள்விதான், மன்னிக்கவும். ஆரம்பத்தில் அரசனுக்கு மட்டும் இருந்த மந்திரங்கள் மற்றவர்களுக்கு எப்படிக் கிடைத்தன? பெண்களுக்கு உண்டா?

வெண்ணிலா:

தென்றல், உண்டு, அதுவும் சீக்கிரமே. 6ஆம் வம்சத்தின் கடைசியில் அரசிகளின் பிரமிடுகளிலும் இந்த எழுத்துகள் வந்துவிட்டன. முதலாம் பெப்பியின் மனைவி அங்கெசென்பெப்பியின் பிரமிடிலிருந்து எழுத்துள்ள சுவர்த்துண்டுகளை 2000இல் பிரெஞ்சுக் குழு கண்டெடுத்தது.

பிறகு மைய அரசு உடைந்து மாகாண அதிகாரிகளின் கை ஓங்கிய காலத்தில் மந்திரங்கள் மரச் சவப்பெட்டிகளின் உள்பக்கத்துக்கு வந்தன. பழையவற்றோடு நிறையப் புதியவையும் சேர்ந்தன. ஏட்ரியன் டி பக் என்ற டச்சு அறிஞர் அவற்றைத் தொகுத்து 7 தொகுதிகளாக 1935 முதல் 1961 வரை வெளியிட்டார், மொத்தம் 1185 மந்திரங்கள். இனி அரசன் மட்டுமல்ல, செத்தவர் யாரானாலும் ‘ஒசிரிஸ் இன்னார்’. பெண்ணும் ‘ஒசிரிஸ்’தான்.

நடு எகிப்தில் டெய்ர் எல்-பெர்ஷா ஊரில் கிடைத்த பெட்டிகளின் அடிப்பலகையில் ‘இரு வழிகளின் நூல்’ என்று ஒரு வரைபடமே போட்டிருக்கிறார்கள். ஒன்று நீர்வழி, மற்றது நிலவழி, நடுவே நெருப்பு ஏரி. வழியெங்கும் கத்தியோடு காவலர்கள். 2012இல் ஹார்கோ வில்லெம்ஸ் குழு அங்கே கண்டெடுத்த பலகைத் துண்டுகள் இந்த நூலின் மிகப் பழைய பிரதி என்று கருதப்படுகின்றன. அந்தப் பெட்டி அங்க் என்ற பெண்ணுக்குரியது.

அந்த நூலின் கடைசிப் பக்கம் வரும் 1130ஆவது மந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் தலைவனான தெய்வம் பேசுகிறது: நான்கு காற்றுகளைப் படைத்தேன், ஒவ்வொருவரும் மூச்சுவிடட்டும் என்று. பெருவெள்ளத்தைப் படைத்தேன், எளியவனும் பெரியவனைப்போல அதில் பங்கு பெறட்டும் என்று. ஒவ்வொரு மனிதனையும் மற்றவனைப்போலவே படைத்தேன். தீமை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை, என் சொல்லை மீறியது அவர்களுடைய இதயங்கள்.

கோடைமழை சார், இதயம்தான் குற்றவாளி என்று அங்கேயே வந்துவிடுகிறது. 30பியில் அதே இதயத்திடம்தான் கெஞ்சுகிறார்கள்.

கோடைமழை:

நிலா, அந்த 1130 அருமை. ஆனால் அதை எழுதியதும் விலையுயர்ந்த தேவதாரு மரப் பெட்டிகளில்தானே? எளியவனுக்கும் வெள்ளத்தில் பங்கு என்று எழுதிய பலகையை எளியவன் கண்ணால் பார்த்திருக்க மாட்டான்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ‘இறந்தோர் நூல்’ சுருளுக்கு ஒரு தேபென் வெள்ளி என்று ஒரு குறிப்பு இருக்கிறது. ஒரு தேபென் ஏறக்குறைய 91 கிராம். கூலியாள் ஒருவரின் அரை ஆண்டுச் சம்பளம் அளவுக்கு வரும் என்கிறார்கள். மிக நீளமானது கிரீன்ஃபீல்ட் பப்பைரஸ், தீப்ஸ் நகரத்துப் பெரிய பூசாரியின் மகள் நெசிதானெப்தாஷ்ருவுக்காகச் செய்தது, 37 மீட்டர். அனியின் சுருள் 24 மீட்டர். அதை 1888இல் வாங்கி லண்டனுக்குக் கொண்டுபோன வாலிஸ் பட்ஜ் 37 துண்டாக வெட்டிவிட்டார் என்பது வேறு கதை, அதைப் பேசினால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

24 மீட்டர் வாங்கியவனுக்கு ஒரு சொர்க்கம், பாயில் சுருட்டிப் புதைத்தவனுக்கு என்ன?

செங்கல்சூளை:

சொர்க்கம் என்று சொன்னீர்களே, அங்கே என்ன வேலை தெரியுமா? விவசாயம்!

‘நாணல் வயல்’ என்று பெயர். 109ஆவது மந்திரப்படி அங்கே வாற்கோதுமை 5 முழம் உயரம், அறுப்பவர்களோ 9 முழ ஆட்கள். 110ஆவது மந்திரத்தின் படத்தில் நல்ல வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு கணவனும் மனைவியும் உழுவார்கள், அறுப்பார்கள். வாழ்நாளெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எழுத்தர், செத்த பிறகு ஏர் பிடிக்க வேண்டும். யாருக்குப் பிடிக்கும்?

அதற்குத்தான் ஷப்தி பொம்மைகள். 6ஆவது மந்திரத்தை அதன்மேல் எழுதிவிடுவார்கள். ‘வயலைப் பண்படுத்த, கரைக்கு நீர் பாய்ச்ச, கிழக்கிலிருந்து மேற்குக்கு மணல் சுமக்க என்னைக் கூப்பிட்டால், இதோ நான் இருக்கிறேன் என்று நீ சொல்ல வேண்டும்.’ பிற்காலத்தில் நாளுக்கு ஒன்றாக 365 பொம்மை, பத்து ஆளுக்கு ஒரு மேஸ்திரி வீதம் 36 மேஸ்திரிகள், ஆக 401 என்று ஒரு கணக்கு உண்டு. மேஸ்திரி கையில் சாட்டை வேறு. துத்தன்காமுன் கல்லறையில் மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 பேரைச் சேர்த்து 413.

கோடைமழை:

ஆக, சாட்சிக்கு வாய்ப்பூட்டு, வேலைக்குப் பினாமி. என் சந்தேகம் வலுக்கிறது.

பப்பைரஸ் பித்தன்:

பினாமி என்ற சொல்லுக்காக ஒரு சலாம்.

ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. 125 தராசோடு முடிவதில்லை. தேறிய பிறகும் சபையின் கதவு விடாது. நிலைக்கால், தாழ்ப்பாள், வாசற்படி ஒவ்வொன்றும் ‘என் பெயரைச் சொல், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன்’ என்று நிற்கும். அதையெல்லாம் தாண்டினால் தரை பேசும்: ‘என்மேல் நடக்க விடமாட்டேன். உன் கால்களின் பெயர் எனக்குத் தெரியாது.’ இரண்டு கால்களுக்கும் தனித்தனிப் பெயர் சொல்ல வேண்டும். நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது, விஷயம் தெரிந்தவனாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கோயிலுக்குள் நுழையும் பூசாரிக்கும் அதே நிபந்தனைதான். தூய்மையும் வேண்டும், சொல்ல வேண்டியது என்ன என்ற அறிவும் வேண்டும். 125இன் கடைசியில் உள்ள செய்முறைக் குறிப்பைப் பாருங்கள்: குளித்து, சுத்தமான உடையும் வெள்ளைச் செருப்பும் அணிந்து, கண்ணுக்கு மை தீட்டி, வெள்ளைப்போளம் பூசிக்கொண்டு சொல்ல வேண்டும். பன்றியோ ஆடோ மிதிக்காத மண்ணால் தரையைச் சுத்தம் செய்து படம் வரைய வேண்டும். பிணமா மை தீட்டிக்கொள்ளும்? உயிரோடிருக்கும்போதே இதைப் பழகியவர்கள் இருந்திருப்பார்கள் என்று பல அறிஞர்கள் கருதுவது இதனால்தான்.

நீதிபதிகளின் பெயர்களையும் சும்மா விட்டுவிட முடியாது. ஹெரக்ளியோபோலிஸிலிருந்து வந்த எலும்பொடிப்பவன், கொலைக்களத்திலிருந்து வந்த ரத்தம் குடிப்பவன். அவர்கள் முன்னால் பெயர் தப்பாமல் 42 தடவை ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லவே தைரியம் வேண்டும்.

தென்றல்வீதி:

அனைவரும் தேறிவிட்டால் அம்மித்துக்கு என்ன சாப்பாடு?

கோடைமழை:

நல்ல கேள்வி, தென்றல். கிடைத்த சுருள்களில் ஒன்றில்கூட வாங்கியவர் தோற்றதாகப் படம் இல்லை. காசு கொடுத்தவன் தலையில் ‘ஃபெயில்’ என்று எந்த எழுத்தர் வரைவார்? நான் சொல்ல வந்ததே இதுதான்.

பப்பைரஸ் பித்தன்:

தோற்றவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அரசர்களின் பள்ளத்தாக்குக் கல்லறைகளுக்குப் போக வேண்டும். ‘வாயில்களின் நூல்’, ‘குகைகளின் நூல்’ இரண்டிலும் தலைகீழாகத் தொங்குபவர்கள், கைகட்டப்பட்டவர்கள், தலை வெட்டுண்டவர்கள், கொப்பரையில் வேகும் தலைகளும் இதயங்களும் என்று பார்க்கவே கூசும். இந்த நூல்களில் சூரியன் இரவின் 12 மணி நேரமும் கீழுலகத்தைக் கடக்கிறான். மூன்றாம் துத்மோஸின் கல்லறையில் முட்டை வடிவ அறையின் சுவர் முழுக்க, பெரிய சுருளை விரித்துவைத்த மாதிரி, குச்சி உருவங்களாக இதற்கு மூத்த நூலான அம்துவாத்தை வரைந்திருக்கிறார்கள். ஆறாம் மணியில் ரா என்ற அந்தச் சூரியன் தன் பிணத்தோடு, அதாவது ஒசிரிஸோடு, ஒன்று சேர்கிறான். ஏழாம் மணியில் அபோபிஸ் என்ற பாம்பு வழி மறிக்கிறது. பன்னிரண்டாம் மணியில் ஒரு மாபெரும் பாம்பின் வால்வழியே புகுந்து வாய்வழியே இளமையாக வெளியே வருகிறான். வாயில்களின் நூலில் எகிப்தியர் மட்டுமல்ல, ஆசியர், நூபியர், லிபியர் என்று நான்கு வகை மக்களுக்கும் கீழுலகில் இடம் உண்டு. வெளிநாட்டாரைச் சுவரெல்லாம் மிதிப்பதாக வரைந்த அரசர்களின் கல்லறையில் இது.

வெண்ணிலா:

எல்லாரும் சபையிலேயே நிற்கிறீர்கள். செத்தவர்களோடு வீட்டுக்காரர்கள் எப்படிப் பேசினார்கள் என்று பார்த்தால் வேறு படம் கிடைக்கும். உணவு படைக்கும் கிண்ணங்களிலும் பப்பைரஸிலும் செத்தவர்களுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ‘என் சொத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், கொஞ்சம் தலையிடுங்கள்’ என்று அப்பாவுக்கோ கணவனுக்கோ எழுதுவது.

லெய்டன் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது, 19ஆம் வம்சம். செத்துப்போன மனைவி அங்கிரிக்குக் கணவன் எழுதியது. பாசக் கடிதம் என்று நினைத்து எடுத்தால் வக்கீல் நோட்டீஸ்! ‘உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன், இப்படி என்னைப் படுத்துகிறாய்? இளைஞனாக இருந்தபோது உன்னைக் கட்டினேன், பெரிய பதவிக்கு வந்த பிறகும் உன்னைத் தள்ளிவைக்கவில்லை. நீ நோயில் விழுந்தபோது தலைமை வைத்தியரைக் கூட்டி வந்தேன். ஃபாரோவோடு நான் தெற்கே போயிருந்தபோது நீ செத்துப்போனாய். வந்து அழுதேன், நல்ல துணி கொடுத்துச் சுற்றவைத்தேன். மூன்று ஆண்டாகத் தனியாக இருக்கிறேன், வேறு வீட்டுக்குள் போகவில்லை. மேற்குலகின் தேவர்கள் முன்னால் உன்மேல் வழக்குப் போடுவேன், இந்தக் கடிதத்துக்கும் உனக்கும் இடையில் அவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.’

பித்தன் சொன்னாரே, புகார் கொடுத்தால் கூடும் சபை என்று, அது ஆயிரம் ஆண்டு கழிந்தும் உயிரோடிருக்கிறது. தராசு வந்துவிட்டதால் பழைய சபை கலைந்துவிடவில்லை. கோடைமழை சாருக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இவ்வளவு தூரம் நம்பியவர்கள் வெறும் பிட்டோடு திருப்திப்பட்டிருப்பார்களா? இந்த மனிதர் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார் பாருங்கள், 125இன் தொனியே இதுதான்.

கோடைமழை:

நம்பிக்கை என்று சொன்னதால் ஒரு நீதிமன்ற ஆவணத்தை முன்வைக்கிறேன். ஒன்பதாம் ராம்சேஸின் 16ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1110 வாக்கு. அமென்பனுஃபர் என்ற கல்தச்சர் தந்த வாக்குமூலம். கூட்டாளிகளோடு சோபெக்எம்சாஃப் அரசனின் கல்லறைக்குச் சுரங்கம் தோண்டிப் போனார்கள். அரசனும் அரசியும் தங்கத்தில் கிடந்தார்கள். உரித்தெடுத்தார்கள். ஆளுக்கு 20 தேபென் தங்கம், எட்டுப் பேருக்கு 160. போகும்போது சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள்.

இதே ஆள் இந்த வாக்குமூலத்துக்கு முன்பே ஒருமுறை பிடிபட்டு, தன் பங்குத் தங்கத்தை அதிகாரிக்குக் கொடுத்து வெளியே வந்து, மறுபடியும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார். இந்த மண்ணில் லஞ்சம் வேலை செய்தால், அந்த உலகத்திலும் செய்யும் என்று எதிர்பார்ப்பதில் என்ன தப்பு? உடம்பை எரித்தால் அந்த ஆளுக்கு மறுவாழ்வே கிடையாது என்று தெரிந்தே எரித்தவர்கள் இவர்கள். கல்லறை கட்டும் தொழிலாளிக்கே அந்தச் சபைமேல் பயம் இல்லை!

(இந்தப் பப்பைரஸின் மேல்பாதி 1935இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு மரச்சிலைக்குள் ஒளித்துவைக்கப்பட்டுக் கிடைத்தது. கண்டெடுத்தவர் ழான் கபார். கீழ்பாதி இங்கிலாந்து வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்திருந்தது.)

செங்கல்சூளை:

தங்கத்தை எடுத்தார்கள், சரி. தீ எதற்கு? செத்தவன் புகார் கொடுக்க எழுந்து வந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் இல்லையா? அப்படியானால் அவர்கள்தான் எல்லாரையும்விட அதிகமாக நம்பியவர்கள்.

வெண்ணிலா:

சூளை, இந்த இழையில் உங்களுடைய முதல் சீரியஸ் பதிவு. அதுவும் ஒரு சாத்தியம்தான். மரச் சவப்பெட்டியில் ஒட்டிய தங்கத் தகட்டைச் சுலபமாகப் பிரிக்கவும் எரிப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பப்பைரஸ் பித்தன்:

சந்தேகம் திருடர்களுக்கு மட்டும் இல்லை, கோடைமழை சார். இன்தெஃப் அரசனின் கல்லறையில் இருந்ததாகச் சொல்லப்படும் யாழ்ப்பாடகன் பாட்டு, ஹாரிஸ் 500 பப்பைரஸில் பிரதியாகக் கிடைத்திருக்கிறது. அங்கே போனவர் எவரும் திரும்பி வந்து எப்படி இருக்கிறது என்று சொன்னதில்லை, பொருளை எவரும் கூடக் கொண்டுபோனதில்லை, ஆகவே நல்ல துணி உடுத்தி, தலையில் வாசனை பூசி, இருக்கும் நாளைக் கொண்டாடு என்கிறது. இதைக் கல்லறையில் வைத்துப் பாடியிருக்கிறார்கள்! தீப்ஸில் நெஃபர்ஹோத்தெப் என்ற பூசாரியின் கல்லறையில் இன்னொரு பாடகன் இதற்குப் பதில் பாடுகிறான்: பழைய கல்லறைகளில் அந்தப் பாட்டுகளைக் கேட்டிருக்கிறேன், நித்திய பூமியை ஏன் இப்படி இளப்பம் பேசுகிறார்கள், அங்கே சண்டை சச்சரவு இல்லையே என்று. நாம் இப்போது அடித்துக்கொள்வதை அவர்கள் சுவரிலேயே அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அனியின் சுருளிலேயே 175ஆவது மந்திரம் இருக்கிறது. கீழுலகைப் பார்த்து மலைத்துப்போய், ‘இது என்ன பாலைவனம்? தண்ணீர் இல்லை, காற்று இல்லை, ஆழம், இருட்டு’ என்று செத்தவர் ஆதும் தெய்வத்திடம் முறையிடுகிறார். ‘மன அமைதியோடு இருக்கலாம்’ என்கிறது தெய்வம். ‘அங்கே காதல் சுகமும் இல்லையே’ என்கிறார் இவர். தண்ணீர், காற்று, சுகம் ஆகியவற்றுக்குப் பதில் ஒளியுடல், ரொட்டிக்கும் பீருக்கும் பதில் மன அமைதி என்று ஆதும் சமாதானம் சொல்கிறது. பிட் எழுதுகிறவன் இந்த மாதிரிச் சங்கடமான கேள்வியையெல்லாம் உள்ளே வைப்பானா? விளம்பரத்துக்கு நேர் எதிரானது இது.

பாயில் சுருட்டிய ஏழை பற்றிக் கேட்டீர்கள். சேத்னே என்ற இளவரசனைப் பற்றி டெமாட்டிக் என்ற பிற்கால எகிப்திய எழுத்தில் ஒரு கதை, பிரதி ரோமானியர் காலத்தது. பழைய கிரேக்க ஆவணங்களின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், முன்பக்கம் கிளாடியஸ் காலத்து நிலக்கணக்கு. பெரிய ஆர்ப்பாட்டத்தோடு ஒரு பணக்காரன் பிணம் போகிறது, ஒரு பாயில் சுற்றிய ஏழைப் பிணம் ஆளில்லாமல் போகிறது. ‘பணக்காரன் கொடுத்துவைத்தவன்’ என்கிறார் சேத்னே. அவருடைய சின்ன மகன் சி-ஒசிரே அப்பாவைக் கீழுலகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறான். ஒசிரிஸின் பக்கத்தில் உயர்ந்த துணி உடுத்தி நிற்பவன் அந்த ஏழை. பணக்காரனின் ஈமப்பொருள்களை எடுத்து ஏழைக்குக் கொடுத்துவிட்டார்கள். பணக்காரன் எங்கே? சபைக் கதவின் குடுமி அவன் வலக்கண்ணில் ஊன்றிச் சுழல்கிறது. யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் அலறுகிறான்.

கோடைமழை:

கதவுக் குடுமி விஷயம் பிரமாதம். ஆனால் பித்தன், அது அனிக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டு பிந்திய கதை. அதற்குள் கிரேக்கர், ரோமர் எல்லாம் வந்துவிட்டார்கள். பழைய சரக்கு காட்டுங்கள்.

பப்பைரஸ் பித்தன்:

மெரிகரே அரசனுக்கு அவன் தந்தை சொன்னதாக வரும் அறிவுரை. பிரதிகள் 18ஆம் வம்சத்தவை, அனிக்கு முந்தியவை. தீர்ப்புச் சொல்லும் சபையார் அந்த நாளில் இரங்க மாட்டார்கள், ஆண்டுகள் நிறைய இருக்கின்றன என்று நம்பிவிடாதே, ஒரு வாழ்நாள் அவர்களுக்கு ஒரு மணி நேரம், செத்த பிறகு மனிதன் மிஞ்சுவான், அவன் செய்தவையெல்லாம் அவனுக்குப் பக்கத்தில் குவியலாக வைக்கப்படும். இன்னொரு வரி: தீயவன் படைக்கும் காளையைவிட நேர்மையாளனின் குணம்தான் ஏற்கப்படும். இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது? காளைக்கு மசியாத சபை சுருளுக்கு மட்டும் மசியுமா?

இனி உங்கள் 30பி. முழுசாகப் படியுங்கள். ‘எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே’ என்பதோடு நிற்கவில்லை, ‘தெய்வத்தின் முன்னால் என்னைப் பற்றிப் பொய் சொல்லாதே’ என்றும் வருகிறது. மூளையைத் தூக்கி எறிந்துவிட்டு இதயத்தை மட்டும் உடம்புக்குள்ளேயே விட்டுவைத்தவர்கள் இவர்கள். நினைப்பது, முடிவெடுப்பது எல்லாம் அதுதான். ஆனாலும் அது தனி ஆள் மாதிரி. பயத்தில் உளறலாம், கோபத்தில் காட்டிக்கொடுக்கலாம். நிரபராதிக்கும் கூண்டில் ஏறினால் நாக்கு குழறும் இல்லையா? அந்த இடத்துக்கான மந்திரம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கோடைமழை:

பொய் சொல்லாதே என்று சொல்கிறார், சரி. ‘உண்மையைச் சொல்’ என்று ஏன் சொல்லவில்லை?

பப்பைரஸ் பித்தன்:

சொல்லவில்லைதான். அதில் எனக்கும் உங்களோடு பாதி உடன்பாடு உண்டு. அந்த மந்திரத்துக்கே ஒரு பூர்விகக் கதை கட்டியிருக்கிறார்கள்: மென்கௌரே அரசன் காலத்தில் இளவரசன் ஹோர்ஜெதெஃப் கோயில்களைப் பார்வையிடப் போனபோது, ஹெர்மோபோலிஸில் தெய்வத்தின் காலடியில் ஒரு கல்லில், தெய்வமே எழுதிய எழுத்தாகக் கிடைத்ததாம். வேறு சில மந்திரங்களுக்குத்தான் இப்படிச் சான்றிதழ் உண்டு. மக்களுக்கு அதன்மேல் நம்பிக்கை வர இவ்வளவு தேவைப்பட்டிருக்கிறதென்றால், உங்களைப்போலக் கேள்வி கேட்டவர்கள் அங்கேயும் இருந்திருக்க வேண்டும்.

அம்துவாத்தின் 12 மணி நேரத்துக்கும் தனி இழை தொடங்குகிறேன். மந்திரி உசெர்அமுன் அரசனாக இல்லாமலே தன் கல்லறையில் அதை எழுதிக்கொண்டது எப்படி என்பதையும் அங்கே பேசலாம்.